பல் பிடுங்கிய வாரத்தில் பீடி, சிகரெட் ஆசையைச் சமாளிக்க: நீலகிரியில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல் பிடுங்கிய பிறகு டாக்டர் சொல்லும் பத்தியத்தை நம் ஆட்கள் பெரும்பாலும் மதிப்பார்கள். சூடாகக் குடிக்காதீர்கள் என்றால் சரி, அந்தப் பக்கம் மெல்லாதீர்கள் என்றால் சரி. பீடி, சிகரெட், புகையிலை கூடாது என்னும்போதுதான் சிக்கல். தலையாட்டிவிட்டு வெளியே வருவார்கள். கிளினிக் படி இறங்கி டீக்கடையைத் தாண்டுவதற்குள் கை சட்டைப் பையைத் தேடும். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இருபது வருடம் நிகோடினுக்குப் பழகிய உடம்பிடம் ‘கூடாது’ என்று மட்டும் சொன்னால் போதாது, எப்படி இருப்பது என்றும் யாராவது சொல்லித்தர வேண்டும். குன்னூரில் மருந்துக்கடையில் நின்றபடி இந்தக் கேள்விக்கு நான் சொல்லி வரும் பதில்களைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஏன் கூடாது?

பல் எடுத்த குழியில் ரத்தம் நிறைந்து உறைந்து நிற்கும். முழங்காலில் அடிபட்டால் பொருக்குத் தட்டுகிறதே, கிட்டத்தட்ட அதே வேலையை இது வாய்க்குள் செய்கிறது. அடியில் இருக்கும் தாடை எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காப்பதும், புதிய சதை வளர இடம் கொடுப்பதும் அந்த உறைந்த ரத்தம்தான். அது பெயர்ந்துவிட்டாலோ கரைந்துவிட்டாலோ எலும்பு வெறுமையாகத் தெரியும். இதைத்தான் பல் டாக்டர்கள் ‘ட்ரை சாக்கெட்’ என்கிறார்கள். பல் எடுத்த வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இதில் இரண்டாம், மூன்றாம் நாளில் புதிதாகக் கிளம்பி, காது வரை குத்தும். கீழ்த்தாடையின் பின்பக்கப் பற்களில், குறிப்பாக ஞானப்பல்லில், இது அதிகம். புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம்.

புகை இதில் பல வழியில் கெடுக்கிறது. இழுக்கும்போது வாய்க்குள் உண்டாகும் உறிஞ்சல் உறைந்த ரத்தத்தை அசைக்கிறது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ஆற வேண்டிய இடத்துக்கு ரத்தம் குறைவாகப் போகிறது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சூடு வேறு. பீடியில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. அது சீக்கிரம் அணைந்துவிடும் என்பதால் அணையாமல் வைத்திருக்கவே அடிக்கடி இழுத்தாக வேண்டும். ‘சிகரெட்தான் விட்டேன், பீடி சின்னதுதானே’ என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

‘குழியின் மேல் பஞ்சு வைத்துக்கொண்டு இழுக்கலாமா’, ‘மறுபக்கமாக வைத்து இழுத்தால்?’ என்று கேட்பவர்கள் நிறைய. எந்தப் பக்கம் வைத்தாலும் உறிஞ்சல் வாய் முழுக்க ஒன்றுதான், புகையும் வாய் முழுக்கத்தான் போகும். நிகோடின் ரத்தத்தில் கலந்தபின் பக்கம் பார்ப்பதில்லை. மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் சட்டப்படி தடை. அதுவும் இழுப்பதுதான், அதனால் மாற்று ஆகாது.

புகைக்காமல் மெல்லுபவர்களும் இதே கணக்குதான். எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் குளிருக்கு இதமாக இருக்கிறது என்று வெற்றிலையோடு புகையிலை போடுவது பழைய பழக்கம். மழைக்காலத்தில் அட்டைக்காகக் காலில் தேய்க்கவும் புகையிலை கையில் இருக்கும். பல் எடுத்த பின் பாக்குத் தூள் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சுண்ணாம்பு பச்சைப் புண்ணை அரிக்கும், துப்பித் துப்பியே உறைந்த ரத்தம் போய்விடும். உதட்டுக்குள் அடக்கும் பொட்டலமும் இப்படித்தான். மேல் கடைவாய்ப் பல் எடுத்தவர்கள் மூக்குப்பொடியையும் விட வேண்டும். அந்தப் பற்களின் வேர் முகத்து எலும்பில் இருக்கும் காற்றறைக்கு மிக அருகில் இருக்கிறது. பலமாகத் தும்மினால் ஆறாத குழியில் நேராக அழுத்தம் விழும்.

இரண்டு கெடுவும் ஒரே நாளில்

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும் என்பது என் எண்ணம். உறைந்த ரத்தத்துக்கு ஆபத்து அதிகம் இருப்பது முதல் மூன்று நாள். குறைந்தது 72 மணி நேரம் புகை கூடாது, ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது என்று பல் டாக்டர்கள் சொல்வது அதனால்தான். நிகோடினை நிறுத்தினால் வரும் தவிப்பும் சில மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். ஆக, பல்லுக்குப் பத்தியம் இருக்க வேண்டிய நாட்களும் தவிப்பு மிக மோசமாக இருக்கும் நாட்களும் ஒன்றுதான். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் நான்காம் நாள் காலையில் இரண்டுமே இறங்குமுகமாகிவிடுகிறது. ‘இந்த மூன்று நாளே இப்படி என்றால் இன்னும் எத்தனை நாளோ’ என்று பயந்து இரண்டாம் நாள் மாலையில் பற்ற வைப்பவர்கள், உச்சத்தைத் தொட்ட பிறகு கைவிடுகிறார்கள். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார்கள்.

பல் எடுக்கும் முன்

எத்தனை பீடி, எத்தனை சிகரெட், என்ன புகையிலை என்பதை டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். அரசு மருத்துவமனை பல் பிரிவானாலும் தனியார் கிளினிக்கானாலும், அவர்கள் திட்டுவதற்காகக் கேட்பதில்லை. அதை வைத்துத்தான் மருந்தையும் மறுபடி வரச் சொல்லும் நாளையும் முடிவு செய்வார்கள். மனைவி பக்கத்தில் இருப்பதால் பாதியாகக் குறைத்துச் சொல்பவர்கள் உண்டு. தனியாகச் சொல்ல வேண்டும் என்றால் அப்படிக் கேட்டுக்கொள்ளலாம்.

நிகோடின் ஒட்டு பற்றியும் அப்போதே கேளுங்கள். தோலில் ஒட்டிக்கொள்ளும் இந்தப் பட்டை நாள் முழுக்க நிகோடினைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் விடும். பொதுவாக ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் சிகரெட் பிடிப்பவர்களுக்கு 21 மில்லிகிராம், அதற்குள் என்றால் 14 மில்லிகிராம் என்று தொடங்குவார்கள். இதிலும் நிகோடின் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் உறிஞ்சல் இல்லை, சூடு இல்லை, கார்பன் மோனாக்சைடு இல்லை. இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. முடி இல்லாத, ஈரமில்லாத தோலில், கையின் மேல்பகுதியிலோ மார்பிலோ ஒட்டி, தினம் இடத்தை மாற்ற வேண்டும். ராத்திரி கனவு தொந்தரவு அதிகமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் படுக்கும் முன் எடுத்துவிடலாம். ஒட்டு போட்டுக்கொண்டே மேலுக்குச் சிகரெட்டும் பிடிப்பது பல் குழிக்கு ஒரு உதவியும் செய்யாது.

நிகோடின் சூயிங்கம் நல்ல மருந்துதான். ஆனால் இந்த வாரத்துக்கு ஏற்றதல்ல. மென்று மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டிய மருந்து அது. பச்சைக் குழி இருக்கும் வாயில் அந்த வேலை வேண்டாம். சப்பும் மிட்டாய் வகையும் அப்படியே. இன்னொன்று, ஒட்டு நம் மலையில் எல்லாக் கடையிலும் எப்போதும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பல் எடுக்கும் தேதி தெரிந்ததும் மருந்துக்கடையில் சொல்லி வைத்தால் கோவையில் இருந்து வரவழைத்துத் தருவார்கள்.

வீட்டில் இருக்கும் பீடிக்கட்டு, தீப்பெட்டி, லைட்டர், வண்டியின் டேஷ்போர்டில் கிடக்கும் பாதிப் பாக்கெட் எல்லாவற்றையும் முதல் நாளே அகற்றிவிடுங்கள். ‘அவசரத்துக்கு’ என்று ஒன்றை ஒளித்து வைத்தால், அந்த அவசரம் கட்டாயம் வரும்.

போக்குவரத்தையும் யோசிக்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் இருந்து ஊட்டிக்கு வந்து பல் எடுத்துக்கொண்டு அன்றே திரும்புபவர்கள் நிறைய. ஊட்டியில் இருந்து கோவைக்குப் போய் வருபவர்களும் உண்டு. முடிந்தால் வீட்டுக்கு அருகிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு ராத்திரி உறவினர் வீட்டில் தங்குங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வந்தால் புண்ணுக்கு நல்லதல்ல. வண்டி பர்லியாரிலோ நடுவட்டத்திலோ நிற்கும்போது எல்லோரும் இறங்கிப் பற்ற வைப்பார்கள், அந்தப் புகைக்கு நடுவே நீங்கள் நிற்க வேண்டியிருக்கும். மலை ஏறி இறங்கும்போது காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதும் வழக்கம் பலருக்கு இருக்கிறது. மேல் கடைவாய்ப் பல் எடுத்தவர்கள் அதைச் செய்யவே கூடாது. எச்சிலை விழுங்கினாலே காது திறக்கும்.

முதல் நாள்

பல் எடுத்ததும் வைக்கும் பஞ்சை முக்கால் மணி நேரமாவது அழுத்திக் கடித்திருக்க வேண்டும். டாக்டர் சொன்ன நேரம் வேறு என்றால் அதுவே கணக்கு. துப்பாதீர்கள், எச்சிலை விழுங்குங்கள். 24 மணி நேரத்துக்கு வாய் கொப்பளிக்க வேண்டாம். ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்ச வேண்டாம். கசிவு நிற்காமல் இருந்தால் சுத்தமான பஞ்சை மறுபடி வைத்துக் கடிக்கலாம். அது கைவசம் இல்லை என்றால் டீத்தூள் பை ஒன்றை வெந்நீரில் நனைத்து, ஆறவிட்டு, பிழிந்து வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடிக்கலாம். தேயிலையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கசிவை நிறுத்த உதவும். தேயிலை விளையும் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை.

மாத்திரை விஷயத்தில் ஒரு வார்த்தை. மரத்துப்போன வாய் இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளியும். அதுவரை வலி தெரியாது என்பதால் பலரும் மாத்திரையைத் தள்ளிப் போடுகிறார்கள். பிறகு வலி ஒரேயடியாக ஏறுகிறது, ஏறிய வலியில் கை பீடிக்குப் போகிறது. வலியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தவிப்பு இரட்டிப்பாகும். டாக்டர் எழுதிய வலி மாத்திரையை மரப்பு தெளியும் முன்பே போட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்கு அடுத்ததையும் போடுங்கள். ஆஸ்பிரின் தானாக வாங்கிப் போட வேண்டாம், ரத்தம் நிற்காது. ஏற்கெனவே இருதயத்துக்காக அது சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம். குளிருக்கு ஒரு கட்டிங் என்ற பேச்சே இந்த வாரம் கூடாது. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்திருந்தால் மதுவோடு சேர்ந்து வாந்தி, படபடப்பு வரக்கூடும். அதோடு, நாலு பேர் குடிக்கிற இடத்தில் பீடி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

வீக்கத்துக்கு வெளியே ஐஸ் ஒற்றுவது முதல் நாள் மட்டும், பதினைந்து இருபது நிமிடம் வைத்து அதே அளவு இடைவெளி விட்டு. டிசம்பர், ஜனவரி உறைபனி நேரத்தில் இதைச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், தெரியும். ஊட்டிக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியே போதும். கம்பளிக் குல்லாவால் காதை மூடிக்கொண்டு கன்னத்தில் மட்டும் வையுங்கள். படுக்கும்போது தலைக்கு இரண்டு தலையணை.

ஆசை வரும் அந்த ஐந்து நிமிடம்

புகை ஆசை ஒரு முறை கிளம்பினால் பெரும்பாலும் ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து நிமிடம் இருக்கும். நீங்கள் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது இறங்கிவிடும். எனவே நாள் முழுக்கப் போராட வேண்டியதில்லை, ஒவ்வொரு ஐந்து நிமிடத்தைக் கடத்த வழி இருந்தால் போதும்.

ஆனால் இங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. புகையை விடுபவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் யோசனைகள் எல்லாம் வாய் வேலைதான். கிராம்பைக் கடி, ஏலக்காயை மெல், மிட்டாய் சப்பு, கேரட் கடி, சூயிங்கம் போடு. பல் எடுத்தவருக்கு இதில் ஒன்றும் ஆகாது. ஆகவே வாயை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு, கைக்கும் மூக்குக்கும் காலுக்கும் வேலை கொடுக்க வேண்டும்.

கைக்கு: பீடி பிடித்துப் பழகிய விரல்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நான் எல்லோருக்கும் சொல்வது பச்சைப் பட்டாணி உரிப்பது. உழவர் சந்தையில் ஒரு கிலோ வாங்கி வந்து மடியில் முறத்தை வைத்து உட்காருங்கள். கட்டைவிரலால் முனையை அழுத்தினால் தோல் ‘டப்’ என்று பிளக்கும், நகத்தால் வழித்தால் மணிகள் வரிசையாக உருண்டு விழும், காலித் தோல் ஒரு பக்கம் சேரும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் இதில் வேலை செய்கின்றன, பீடியைப் பிடிக்கும் அதே இரண்டு விரல். இருபது முப்பது காய் உரிப்பதற்குள் அந்த வேகம் இறங்கிவிடும். பட்டாணி இல்லாத நாளில் பூண்டு உரிக்கலாம். கம்பளி பின்னத் தெரிந்தவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. வண்டி ஓட்டுபவர்கள் கண்ணாடியைத் துடைக்கலாம். போனை நோண்டுவது அவ்வளவாக உதவுவதில்லை, ஒரு கை சும்மா இருக்கும்.

மூக்குக்கு: நீலகிரித் தைலம் இல்லாத வீடு இங்கே இருக்காது. கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு, முகத்தில் இருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மூக்கால் மெல்ல இழுத்து மூக்காலேயே மெல்ல விடுங்கள். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. புகை பிடிப்பவருக்குக் கிடைக்கும் ஆறுதலில் ஒரு பங்கு அந்த ஆழமான மூச்சில் இருந்து வருகிறது. அதைப் புகை இல்லாமலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கவனம்: தைலத்தையோ கிராம்பு எண்ணெயையோ பல் குழியில் வைக்கவே கூடாது, சதை வெந்துவிடும். நீலகிரித் தைலம் உள்ளே போனால் விஷம், சிறு குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தைலம் இல்லாமல் மூச்சு மட்டும் எடுத்தால் போதும்.

காலுக்கு: நடப்பது ஆசையைக் குறைக்கும். ஆனால் நம் ஊர் நடை என்றால் ஏற்றம். முதல் நாள் படியேறினால், சுமை தூக்கினால் ரத்த அழுத்தம் கூடிக் கசிவு மறுபடி தொடங்கலாம். அன்று வீட்டுக்குள்ளேயே வராந்தாவில் நடந்தால் சரி. அடுத்த நாள் முதல் சமதளமான இடத்தில் நடக்கலாம். ஊட்டியில் ரேஸ் கோர்ஸ் ஓரமும் ஏரிக்கரையும் இருக்கின்றன, குன்னூரிலும் கோத்தகிரியிலும் அப்படி ஓர் இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொழுந்து மூட்டை சுமப்பவர்கள் இரண்டு மூன்று நாளாவது விடுப்பு கேளுங்கள், அல்லது சுமை இல்லாத வேலை கேளுங்கள். டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டால் கேட்பது எளிது.

காலைக் கடனுக்கு முன் ஒரு பீடி பிடித்தால்தான் வயிறு இளகும் என்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நிகோடின் நின்றதும் சில நாள் மலச்சிக்கல் வருவது சகஜம், பயப்பட வேண்டாம். எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு டம்ளர், ராத்திரி நன்றாகக் கனிந்த பப்பாளியோ வாழைப்பழமோ மசித்து. அந்த நேரத்தில் பீடி இருக்கும் இடத்தில் கையில் செய்தித்தாள் இருக்கட்டும்.

டீ

நம் பக்கத்தில் டீயும் தம்மும் ஒன்றாகவே வளர்ந்த பழக்கம். கண்ணாடி டம்ளரைப் பிடித்ததும் மறு கை தானாக நீளும். இந்த வாரம் இரண்டையும் பிரிக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் சூடான டீயே வேண்டாம், அதன் பிறகு வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். கடையில் நின்று குடிக்காமல் வீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடியுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம்: புகையில் இருக்கும் பொருட்கள் காஃபினை உடம்பில் இருந்து சீக்கிரம் வெளியேற்றுகின்றன. புகையை நிறுத்தினால் அதே அளவு டீ, காபியே உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். அதைப் பீடி இல்லாததால் வந்தது என்று நினைத்துப் பற்ற வைத்துவிடுவார்கள். நாளைக்கு ஆறு டீ குடிப்பவர் மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், மாலை ஐந்து மணிக்கு மேல் வேண்டாம்.

டீயோடு வர்க்கி மட்டும் இந்த வாரம் கூடாது. அதன் பொருக்குத் துகள் குழிக்குள் போனால் எடுப்பது கஷ்டம். ராகிக் கூழ் ஆறவைத்து, சாமைக் கஞ்சி, தயிர் சாதம், உருளைக்கிழங்கும் கேரட்டும் வேகவைத்து மசித்தது, இவையெல்லாம் ஸ்பூனால் சாப்பிடலாம். பசியோடு இருக்காதீர்கள். வயிறு காலியாக இருக்கும்போது ஆசை இன்னும் பிடுங்கும்.

இரண்டாம் மூன்றாம் நாள்

24 மணி நேரம் கழிந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் வாயில் வைத்து, தலையை இரண்டு பக்கமும் சாய்த்து, தானாக வழிய விடுங்கள். வேகமாகக் கொப்பளித்துத் துப்பக் கூடாது. மற்ற பற்களைத் துலக்கலாம். குழியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் தெரிந்தால் சீழ் என்று நினைத்து நோண்டாதீர்கள், பெரும்பாலும் அது ஆறுவதன் அடையாளம்தான்.

மூன்றாம் நாள் கடைக்கு வருபவர்கள் எப்படி இருப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வாடகை வண்டி ஓட்டும் ஒருவர், மப்ளரோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“அண்ணே, காதுல குத்துது. இத விட பவரா மாத்திரை இருக்கா?”

“பல் எடுத்து எத்தனை நாள் ஆச்சு? பீடி இழுத்தீங்களா?”

“நேத்து சாயங்காலம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அதுவும் அந்தப் பக்கமா வெச்சுதான்ணே இழுத்தேன்.”

அவருக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்துப் பயனில்லை. டாக்டரிடம் திரும்பப் போகச் சொன்னேன். ட்ரை சாக்கெட் என்றால் டாக்டர் குழியைக் கழுவி, மருந்து தோய்த்த துணியை வைப்பார். வலி சீக்கிரமே தணியும். வீட்டில் இருந்தபடி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது வயிற்றையும் சிறுநீரகத்தையும்தான் கெடுக்கும். வலி கூடிக்கொண்டே போவது, வாயில் துர்நாற்றம், குழி காலியாகத் தெரிவது என்றால் அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள். காய்ச்சல், மூன்றாம் நாளுக்குப் பிறகும் பெருகும் வீக்கம், வாய் திறக்க முடியாமை, மேல் பல் எடுத்தவர்களுக்குக் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியாக வருவது, இவற்றுக்கும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றாலோ, அரை மணி நேரம் பஞ்சை அழுத்திக் கடித்தும் ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்தாலோ, ராத்திரி என்றும் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

இந்த நாட்களில் எரிச்சல் வரும், தலை வலிக்கும், வீட்டில் எல்லோர் மேலும் கோபம் வரும். வீட்டில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: ‘பாருங்க, பீடி இல்லாம என்ன பாடு படுறீங்க’ என்று குத்திக் காட்டாதீர்கள். பட்டாணி முறத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு அப்பால் போங்கள். புகைக்கும் மச்சானோ தம்பியோ வீட்டில் இருந்தால், மூன்று நாளைக்கு அவர் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாமல் வெளியே போய்ப் பிடிக்கட்டும்.

தவறிப் பிடித்துவிட்டால்

ஒன்று பிடித்துவிட்டீர்கள் என்றால், ‘போச்சு, இனி என்ன’ என்று பாக்கெட்டை முடிக்காதீர்கள். ஒன்றால் ஆபத்து கூடும், பத்தால் இன்னும் கூடும், அவ்வளவுதான். அணைத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். பயத்தில் வேகமாகக் கொப்பளித்து இருக்கிறதையும் பெயர்க்க வேண்டாம். என்ன நேரத்தில், யாரோடு, எதற்குப் பின் அந்த ஒன்று வந்தது என்று பாருங்கள். டீக்குப் பின் என்றால் நாளைக்கு டீ வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் என்றால் நாளைக்கு அந்த வழி வேண்டாம்.

நான்காம் நாளுக்குப் பிறகு

வலி இறங்கியிருக்கும், தவிப்பும் இறங்கியிருக்கும். ‘டாக்டர் சொன்ன நாள் முடிந்தது’ என்று அன்றே பற்ற வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கேட்பதில்லை. கஷ்டமான பகுதியை ஏற்கெனவே தாண்டிவிட்டார்கள். இனி வருவது இடைவெளி விட்டு வரும் ஆசைகள், அவையும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வெகுவாக அடங்கும். ஈறு மூடவே இரண்டு மூன்று வாரம் ஆகும், உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். அதனால் பல்லுக்காகவே இன்னும் கொஞ்ச நாள் தள்ளுவது நல்லதுதான்.

தள்ளலாம் என்று முடிவு செய்தால் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. புகையிலைப் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். கட்டணமில்லாத தேசிய உதவி எண் அது. அழைத்தால் ஆலோசகர் பேசுவார், விடும் தேதியை உங்களோடு சேர்ந்து முடிவு செய்வார். ஒட்டு தொடங்கியவர்கள் நான்காம் நாளில் அதை நிறுத்திவிடாதீர்கள். பொதுவாக ஆறு வாரம் அதே அளவிலும், பிறகு இரண்டிரண்டு வாரமாகக் குறைத்தும் போடச் சொல்வார்கள். உங்களுக்கு எத்தனை வாரம் என்பதைத் தையல் பிரிக்கப் போகும்போது டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிகோடின் சூயிங்கம் வேண்டுமென்றால் எப்போது தொடங்கலாம் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.